தூக்குக்குண்டு

மணி இன்னும் வம்மி மரத்தில்தான் தொங்குகிறது.
கடல் வந்து போன பிறகு
மணலுக்குள்ளிருந்து எடுத்தார்களாம்.
எனக்கு அப்போது மூன்று வயது.
நாக்கு கிடைக்கவில்லை. ட்ரக்டர் அச்சில்
ஒரு துண்டு வெட்டிக் கட்டினார்கள்,
அதனால் எங்கள் கோயில் மணிக்குக் கொஞ்சம்
வயல்காரக் குரல்.

கோபுரம் கட்ட என்னைப் போட்டார்கள்.
பட்டதாரி நியமனம் வரும்வரை
சும்மாதானே இருக்கிறாய் என்றார் பாதர்.
சும்மா இருக்கிறவளிடம் இப்போது
ஒரு சீ.ஆர். கொப்பி, இரண்டு சிம்,
மணல் பெர்மிட்டுக்கு ஏழு போட்டோக் கொப்பி,
கோமாரியில் யாருக்கு யாரோடு பேச்சில்லை
என்ற முழு விபரம்.

பிளானில் முப்பத்தைந்து அடி.
நாற்பது வேணும் என்கிறார் பாசலில் இருந்து
தொம்மைக்குட்டி மாமா, வட்ஸ்அப்பில், விடிய நாலு மணிக்கு.
அந்த ஐந்தடிக்குக் காசு அனுப்புங்க மாமா என்றேன்.
ஒரு பெருவிரல் வந்தது.

இஸ்ஸதீன் மேசன் பொத்துவிலில் இருந்து வருவார்.
நம்மட ஆக்களுக்குள்ள மேசன்மார் இல்லையா
என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பினார்.
இருக்கிறார்கள், கட்டாரில் என்றேன்.
கால் நடுங்கியதைக் கொப்பி மறைத்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமை முந்தி
காவலுக்கு ஆமிக்காரர் வந்தார்கள்.
ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும்,
சாரத்தின் நிழலில் நின்றான்.
மேலே, இருபத்திரண்டாம் அடியில் இருந்து
இஸ்ஸதீன் நானா குனிந்து கத்தினார்:
தங்கச்சி, குண்டு எங்க?
குண்டை மேல அனுப்புங்க!

அவனுக்குத் தமிழில் நாலைந்து சொல் தெரிந்திருக்கும்.
அதில் ஒன்று அது.

துவக்கு தோளில் இருந்து இறங்கியபோது
கரண்டி விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்.
கலவை குழைத்த கிருபைராசாவின் மண்வெட்டி
தூக்கியபடி நின்றது.
தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்கிற முகம்
மேலே, மூங்கிலைப் பிடித்தபடி.

சாதாரண தரத்தில் எஸ் எடுத்த என் சிங்களம்
எங்கே போனதோ தெரியாது.
கையில் அதுதான் இருந்தது: பித்தளை,
பிஞ்சு மாங்காய் அளவு, நூல் சுற்றி.
நூலை விட்டேன்.
இறங்கி, எங்கள் இருவருக்கும் நடுவில் ஆடியது.

பார்த்தான்.
அது ஆடி, சுற்றி,
கடல்காற்றுக்கு ஒருக்கால் கோணி,
பிறகும் ஆடி,
நேராக நிற்க எடுத்த நேரத்துக்குள்
ஒரு ஊரே ஓடி ஒளித்திருக்கலாம்.

பிறகு சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.
ஒருவரும் நல்லாகச் சிரிக்கவில்லை.
நானா இறங்கி வந்து பிளேன்டீ கேட்டார்,
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.
அன்றைக்கு ஒரு வரிசைக் கல்தான் ஏறியது.
முழுநாள் கூலி எழுதினேன்.
கணக்குப் பார்த்த ஞானமுத்தர் ஏன் என்றார்.
காற்று என்றேன்.

இப்போது நானா "நூல்" என்றுதான் கேட்கிறார்.
நூலை அனுப்புங்க தங்கச்சி.
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை,
கிருபைராசாவும் அப்படித்தான் சொல்கிறான்.
அந்தப் பையனை ஞாயிறோடு மாற்றிவிட்டார்கள்.
பெயர் கேட்கவில்லை நான்.

முப்பத்தொரு அடி வந்துவிட்டது, நேர்தான்.
மணி ஏற்றச் சங்கிலி புளொக்
அக்கரைப்பற்றில் வாடகைக்கு இருக்கிறது.
எவ்வளவு பாரம் என்று கடைக்காரர் கேட்கிறார்.
எட்டுப் பேர் தூக்கினோம் என்கிறார் ஒருவர்,
பன்னிரண்டு என்கிறார் இன்னொருவர்,
அதற்கும் இப்போது அவர்களுக்குள் பேச்சில்லை.
தனியாகத் தூக்கினது கடல் மட்டும்.

ஒரு தொன் புளொக் என்று எழுதியிருக்கிறேன்.
திங்கள் போகவேண்டும்.